பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை: கணக்கு, சான்று, காலக்கெடு

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின. 2025ஆம் ஆண்டு அந்தப் பள்ளிகளின் 10, 12ஆம் வகுப்பு மாணவர்கள் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் அண்ணனும் அக்காவும் படித்த காலத்தில் இருந்த நடைமுறை இப்போது இல்லை. வருகைக் கணக்கு எந்தத் தேதியில் முடிகிறது, குறைவை யார் மன்னிக்கலாம், அதற்கு எந்தத் தாள் வேண்டும் என்பவற்றை வீட்டார் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த அத்தியாயம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் 10, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் உரியது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பள்ளி மாணவர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் விதிகளே பொருந்தும். அவர்கள் தேதிகளையும் படிவங்களையும் தங்கள் பள்ளியில் கேட்டறிய வேண்டும். மாதந்தோறும் கணக்குப் பார்ப்பது, உடனுக்குடன் சான்று சேர்ப்பது என்ற இரண்டும் அவர்களுக்கும் உதவும்.

விதி சுருக்கமாக

• வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து தேர்வு ஆண்டின் ஜனவரி 1 வரை பள்ளி நடந்த நாள்களில் குறைந்தது 75 சதவீதம் வந்திருக்க வேண்டும்.
• 60 முதல் 75 சதவீதத்துக்குள் இருப்பவரின் குறைவை, தக்க காரணமும் சான்றும் பள்ளியின் பரிந்துரையும் இருந்தால் வாரியம் மன்னிக்கலாம்.
• 60 சதவீதத்துக்குக் கீழே போனால் புற்றுநோய், காசநோய் போன்ற கடும் நோய்க்காக நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தவர்களின் விண்ணப்பம் மட்டுமே விதிவிலக்காகப் பரிசீலிக்கப்படும்.
• மன்னிப்பு வழங்கும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கோ தலைமையாசிரியருக்கோ இல்லை. பள்ளி பரிந்துரை மட்டுமே செய்யும். புதுச்சேரிப் பள்ளிகளின் கோப்புகள் சென்னையிலுள்ள சி.பி.எஸ்.இ. மண்டல அலுவலகத்துக்குப் போகும்.

எல்லோருக்கும் 25 சதவீத லீவு உண்டு என்று பேசிக்கொள்வது தவறு. எழுத்து மூலம் தெரிவிக்காமல் வராத நாள் அனுமதியற்ற விடுப்பு என்று வாரியம் 2025இல் வெளியிட்ட அறிவிப்பு தெளிவாகச் சொல்கிறது.

முதல் வேலை: மாதக் கணக்கு

வருகைக் குறைவு ஆகஸ்டில் தெரிந்தால் சரிசெய்யலாம். டிசம்பரில் தெரிந்தால் விண்ணப்பிக்கத்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கீழ்க்கண்ட கணக்கைப் போட வேண்டும்.

1. சென்ற மாதம் பள்ளி நடந்த நாள்கள் எத்தனை என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு நாள்காட்டியைப் பார்த்து எண்ணக் கூடாது. மழை விடுமுறையும் உள்ளூர் விடுமுறையும் அதில் இருக்காது.

2. வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயருக்கு நேரே எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மதியத்தில் வீட்டுக்குப் போன நாள் அரை நாளாகப் பதிவாகியிருக்கலாம்.

3. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து வந்த நாள்களைக் கூட்டி, மொத்த வேலைநாள்களால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும்.

4. ஜனவரி 1 வரை இன்னும் எத்தனை வேலைநாள் மீதி இருக்கும் என்று பள்ளியில் கேட்டு, அதில் எத்தனை நாள் கட்டாயம் வர வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவர் செப்டம்பர் முடிய 80 வேலைநாள்களில் 54 நாள் வந்திருக்கிறார் என்று கொள்ளலாம். அவருடைய வருகை 67.5 சதவீதம். ஜனவரி 1 வரை இன்னும் 70 வேலைநாள் இருந்தால் மொத்தம் 150. அதில் 75 சதவீதம் 112.5, அரை நாளை மேலே ஏற்றி 113 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் 59 நாள் வந்தாக வேண்டும். மீதியுள்ள மூன்று மாதத்துக்கும் சேர்த்து 11 நாள்தான் தவறலாம். அந்த 11 நாளையும் காய்ச்சலுக்கும் எதிர்பாராத துக்கத்துக்கும் என்று ஒதுக்கிவைப்பது நல்லது.

குறிப்பு: 150 வேலைநாளில் 50 நாள் வராதவரின் வருகை 66.7 சதவீதம், தக்க காரணம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 65 நாள் வராதவரின் வருகை 56.7 சதவீதம், கடும் நோயாளியாக இருந்தாலன்றி வழி இல்லை. இரண்டுக்கும் இடையே 15 பள்ளி நாள்தான், அதாவது மூன்று வாரம்.

இரண்டாவது வேலை: லீவு லெட்டர்

ஒரு நாள் வராவிட்டாலும் லெட்டர் கொடுத்துவிட வேண்டும். தொலைபேசியில் சொல்வதும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதும் பதிவேட்டில் ஏறாது.

1. முன்பே தெரிந்த காரணமானால் முந்தைய நாளே லெட்டர் கொடுக்க வேண்டும்.

2. திடீர்க் காய்ச்சலானால் அன்று காலையிலேயே வகுப்பாசிரியருக்குத் தகவல் சொல்லி, பள்ளிக்குத் திரும்பும் நாளில் லெட்டரைக் கொடுக்க வேண்டும்.

3. சில நாள் நீடிக்கும் நோயானால் குணமாகும் வரை காத்திருக்காமல், பெற்றோரில் ஒருவர் மருத்துவச் சீட்டின் நகலுடன் பள்ளிக்கு நேரில் போய்க் கொடுப்பது நல்லது.

4. லெட்டரை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ள வேண்டும். அது முடியாவிட்டால், கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

லெட்டரின் மாதிரி:

‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். 10ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளால் (பெயர், வரிசை எண்) காய்ச்சல் காரணமாக (தேதி) முதல் (தேதி) வரை பள்ளிக்கு வர இயலவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிகிச்சை பெற்றதற்கான சீட்டின் நகலை இணைத்துள்ளேன். இந்த நாள்களுக்கு விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, (பெற்றோர் கையெழுத்து, தேதி, கைப்பேசி எண்).’

லெட்டர் கொடுத்துவிட்டால் அந்த நாள் வந்த நாளாகிவிடாது. ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். பின்னால் மன்னிப்புக் கேட்க நேர்ந்தால், காரணம் அன்றே சொல்லப்பட்டது என்பதற்கு லெட்டர் சாட்சியாக இருக்கும்.

மூன்றாவது வேலை: காரணத்துக்கேற்ற சான்று

குறைவை மன்னிக்க வாரியம் ஏற்கும் காரணங்கள் சிலவே. ஒவ்வொன்றுக்கும் உரிய சான்று வேறு.

நீண்ட நோய்: பெற்றோரின் விண்ணப்பம், அரசு மருத்துவரின் சான்று, பரிசோதனை அறிக்கைகள், மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் டிஸ்சார்ஜ் அட்டை ஆகியவை வேண்டும். வில்லியனூர், பாகூர் பகுதியினர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ, ஜிப்மரிலோ சிகிச்சை பெற்றிருந்தால் புறநோயாளிச் சீட்டு முதற்கொண்டு எதையும் தூக்கிப் போடக் கூடாது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள், நோய் இருக்கும்போதே அந்த ஆவணங்களை அரசு மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற முயல வேண்டும். குணமாகி மூன்று மாதம் கழித்துப் போனால், பார்க்காத நோய்க்கு எந்த மருத்துவரும் கையெழுத்துப் போட முடியாது.

தாய் அல்லது தந்தையின் இறப்பு: இறப்புச் சான்றிதழும் விண்ணப்பமும் வேண்டும். இறப்பை உரிய காலத்தில் கொம்யூன் பஞ்சாயத்தில் பதிவுசெய்துவிட்டால் சான்றிதழ் தாமதமின்றிக் கிடைக்கும். துக்க வீட்டில் இதை நினைக்க மனம் வராது. சித்தப்பாவோ மாமாவோ இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது பிள்ளைக்குச் செய்யும் பேருதவி.

விளையாட்டு, என்.சி.சி., என்.எஸ்.எஸ். முகாம்: பள்ளி அனுமதியோடு போன போட்டிகளும் முகாம்களும் பயண நாள்களோடு சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். போட்டியை நடத்திய அமைப்பின் பங்கேற்புச் சான்று, பள்ளி கொடுத்த அனுமதிக் கடிதம், பயணச் சீட்டு மூன்றையும் வைத்திருக்க வேண்டும். ஊர் கிரிக்கெட் குழுவின் போட்டி இதில் சேராது.

இவற்றுக்கு ஒப்பான கடுமையான வேறு காரணம்: சம்பந்தப்பட்ட அதிகாரியின் எழுத்துச் சான்று வேண்டும்.

ஏற்கப்படாத காரணங்களையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் வீட்டில் ஆள் இல்லாதது, தொழிற்பேட்டையில் தற்காலிக வேலைக்குப் போனது, ஆடி மாதக் கோயில் திருவிழா, கார்த்திகை மார்கழியில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மஞ்சள் நீராட்டு விழாவுக்காகப் பெண் பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் இருத்தியது, டியூஷனுக்காகப் பள்ளியைத் தவிர்த்தது ஆகிய எதற்கும் மன்னிப்பு கோர முடியாது. விழாவையும் பயணத்தையும் கோடை விடுமுறையிலோ காலாண்டு விடுமுறையிலோ வைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பு வைக்கும் முறை

1. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை வகுப்பு தொடங்கும் மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

2. லீவு லெட்டர் பிரதிகள், மருத்துவச் சீட்டுகள், பள்ளியிலிருந்து வந்த கடிதங்கள் மூன்றையும் தேதி வரிசையில் அடுக்க வேண்டும்.

3. எல்லாத் தாளையும் படமெடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்க வேண்டும்.

மூன்றாவது படி எதற்கு என்பது பாகூர்ப் பகுதியினருக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. ஜனவரி 1க்கு ஒரு மாதமே இருந்த வேளையில் வந்த வெள்ளம் அது. அப்படிப்பட்ட நாளில் தாள்கள் அழிந்துபோனால், டிஸ்சார்ஜ் அட்டையின் நகலை மருத்துவமனையின் ஆவணப் பிரிவிலும், இறப்புச் சான்றிதழின் நகலை கொம்யூன் பஞ்சாயத்திலும் கேட்டுப் பெறலாம். கைப்பேசியில் படம் இருந்தால் பதிவு எண்ணும் தேதியும் உடனே கிடைக்கும்.

மழைக்காலத்தில் வருகையும் பாதுகாப்பும்

• அரசு விடுமுறை அறிவித்த நாள் வேலைநாளே அல்ல. அந்த நாளுக்கு வராததால் சதவீதம் குறையாது.
• அதற்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைத்தால் அது முழு வேலைநாள். இந்தச் சனிக்கிழமைகளைத் தவறவிட்டே பலருக்கு வருகை குறைகிறது.
• விடுமுறை அறிவிக்காத நாளிலும் சங்கராபரணியிலோ தென்பெண்ணையிலோ தண்ணீர் தரைப்பாலத்தைத் தொட்டு ஓடினால் பிள்ளையை அனுப்பக் கூடாது. பாதை அடைபட்டதைப் படத்தோடு பள்ளிக்கு அன்றே தெரிவித்து லெட்டர் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வருகையைப் பிறகு ஈடுசெய்யலாம்.
• டெங்கு, அம்மை, கடும் காய்ச்சல் இருக்கும் பிள்ளையை வருகைக்காக எழுப்பி அனுப்புவது அந்தப் பிள்ளைக்கும் வகுப்புக்கும் ஆபத்து. நல்ல உடம்போடு இருக்கும் மாதங்களில் நாள்களைச் சேமித்து வைப்பதே இதற்கு மருந்து.

ஜனவரி 1க்கு முன் குறைவு தெரிந்தால்

வருகை குறைந்த மாணவரின் பெற்றோருக்குப் பள்ளி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று வாரியம் 2024 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. அந்தக் கடிதம் வந்தால் மறைத்து வைக்காமல் இவ்வாறு செய்ய வேண்டும்.

1. கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே பெற்றோர் பள்ளிக்குப் போக வேண்டும். தபால்காரரிடமிருந்து மாணவரே வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. வீட்டார் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2. பதிவேட்டையும் வீட்டுக் கணக்கையும் ஒப்பிட வேண்டும். போட்டிக்குப் போன நாளோ, மன்றப் பணிக்காக ஆசிரியரே அனுப்பிய நாளோ ஆப்சென்ட் ஆகியிருந்தால், சான்றைக் காட்டி எழுத்து மூலம் திருத்தம் கேட்க வேண்டும்.

3. மீதி நாள்கள் முழுவதும் வந்தால் 75 சதவீதம் எட்டுமா என்று கணக்கிட வேண்டும். எட்டும் என்றால் அதுவே வழி. வேறு விண்ணப்பம் தேவையில்லை.

4. எட்டாது என்றால், டிசம்பர் மத்திக்குள் எல்லாச் சான்றுகளுடனும் மன்னிப்பு விண்ணப்பத்தைப் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும். பள்ளி தன் பரிந்துரையோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவதற்கான கடைசி நாள் ஜனவரி 7. அந்த ஒரு வாரத்தில் சான்றுக்காக அலைய முடியாது.

5. விண்ணப்பத்தில் வராத தேதிகள், ஒவ்வொன்றுக்கும் காரணம், இணைத்த சான்று மூன்றையும் வரிசையாக எழுத வேண்டும். ‘உடல்நிலை சரியில்லை’ என்ற ஒற்றை வரி போதாது.

6. மூலச் சான்றுகளைக் கேட்டால் காட்டலாம். நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் கொடுக்கக் கூடாது.

7. அனுப்பியபின் வாரம் ஒருமுறை பள்ளியில் விசாரிக்க வேண்டும். கோப்பில் குறை இருந்தால் மண்டல அலுவலகம் பள்ளிக்கே எழுதும். குறையைத் தீர்க்கக் கிடைக்கும் அவகாசமும் சில நாள்கள்தான். ஜனவரியில் பெற்றோரின் கைப்பேசி எண் மாறக் கூடாது.

அடிக்கடி நேரும் தவறுகள்

வகுப்பு ஜூனில்தான் தொடங்குகிறது என்று நினைப்பது. ஏப்ரலில் வகுப்பைத் தொடங்கும் பள்ளியில் ஏப்ரல் நாள்களும் கணக்கில் வரும். கோடைக்கு முன்பே ஊருக்குப் போனவர்கள் குறைவோடுதான் ஜூனில் நுழைகிறார்கள்.

தேர்வர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது, கட்டணமும் கட்டியாயிற்று என்று நிம்மதியடைவது. பட்டியல் ஆண்டின் நடுவிலேயே அனுப்பப்படுகிறது. வருகை அதற்குப் பிறகும் பார்க்கப்படும்.

உள்மதிப்பீட்டை மறப்பது. பள்ளிக்கு வராதவருக்கு உள்மதிப்பீட்டு மதிப்பெண் போட இயலாது. அது இல்லாமல் தேர்வு முடிவு வெளியிடப்படாது என்று வாரியம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. வந்த நாள்களில் ஒப்படைவு, செய்முறை, பருவத்தேர்வு எதையும் விடக் கூடாது.

இரண்டாவது வாய்ப்பை நம்புவது. 10ஆம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு நடக்கிறது. ஆனால் முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாதவர் இரண்டாவதில் அனுமதிக்கப்படமாட்டார். வருகைக் குறைவுக்கு அது மாற்று வழி ஆகாது.

பள்ளி மாறும்போது வருகைச் சான்று வாங்காதது. மாற்றுச் சான்றிதழோடு, அதுவரை பள்ளி நடந்த நாள், வந்த நாள் இரண்டையும் குறிப்பிட்ட கடிதத்தைப் பழைய பள்ளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பணம் கொடுத்துப் பொய் மருத்துவச் சான்று வாங்குவது. போகாத மருத்துவமனையின் சீட்டு பரிசோதனையில் நிற்காது. அந்த ஆண்டுத் தேர்வோடு பள்ளியின் நம்பிக்கையும் போகும். உண்மையாக நோயுற்ற மற்றப் பிள்ளைகளின் சான்றும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பதிவேட்டைத் திருத்தும்படி ஆசிரியரை வற்புறுத்துவது. வாரியம் முன்னறிவிப்பின்றிப் பள்ளிகளை ஆய்வு செய்கிறது. பதிவேடு சரியில்லை என்று கண்டால் பள்ளியின் இணைப்புக்கே ஆபத்து.

அனுமதி கிடைக்காவிட்டால்

1. மறுப்பின் காரணத்தைப் பள்ளியிடமிருந்து எழுத்து மூலம் பெற வேண்டும். கணக்குப் பிழையோ, கொடுத்த சான்று கோப்பில் சேராததோ காரணமானால், புதுச்சேரி அண்ணா நகரில் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு கல்வி வளாகத்திலுள்ள பள்ளிக் கல்வி இயக்ககத்தை உடனே அணுக வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் வாரியத்திடமே இருப்பதால், பள்ளி வழியாக மண்டல அலுவலகத்துக்கும் எழுத வேண்டும்.

2. பிழை இல்லையென்றால் அதே வகுப்பில் மீண்டும் சேர்ந்து, முழு ஆண்டும் படித்து, அடுத்த ஆண்டு தேர்வு எழுதலாம். மாற்றுச் சான்றிதழை அவசரப்பட்டு வாங்காமல், மறுசேர்க்கையை உறுதிசெய்துகொண்ட பிறகே மற்றதைப் பேச வேண்டும்.

3. நோயாலோ குடும்ப நிலையாலோ தினமும் பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. 14 வயது நிறைந்தவர் 10ஆம் வகுப்பிலும், 10ஆம் வகுப்பில் தேறி 15 வயது நிறைந்தவர் 12ஆம் வகுப்பிலும் சேரலாம். அதன் பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. சேர்க்கையை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ மட்டும் செய்ய வேண்டும்.

4. வருகை இல்லாமலே நேரடியாகச் சி.பி.எஸ்.இ. தேர்வு எழுத வைப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் டுடோரியல்களிடம் ஏமாறக் கூடாது. பெயரை ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு வகுப்புக்கே போகாத ஏற்பாட்டை வாரியம் முறைகேடாகக் கருதுகிறது; அப்படிப் பதிந்த மாணவர் தேர்வு எழுத முடியாமல் போகும்.

5. ஓராண்டு தள்ளிப்போன பிள்ளையை வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பிவிடும் முடிவை வீட்டார் எடுக்கக் கூடாது. ஜனவரியில் மறுக்கப்பட்டவர் ஏப்ரலில் அல்லது ஜூனில் மீண்டும் வகுப்பில் உட்கார முடியும். இடைப்பட்ட மாதங்களில் வகுப்பாசிரியரோடு தொடர்பில் இருந்து, பாடத்தைத் தொடர்ந்து படித்து, சேர்க்கை தொடங்கும் முதல் நாளே பள்ளிக்குப் போக வேண்டும்.